சாவி இருக்கு, சைக்கிள் இல்லை

பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போகிறோம் என்று மாமா சொன்னதும், காலைச் சாப்பாடு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். போகிற இடத்தில் ஒரு தட்டு நிறைய வைக்காமலா இருப்பார்கள் என்ற நப்பாசை. வாசலில் இறங்கியபோது வெண்ணெய் வாசனை ஆளைத் தூக்கியது. நாலு அடி வைத்திருப்பேன், காற்று திசை மாறியது. கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. புளித்து, ஊசிப்போய், அழுகி, அதற்குப் பிறகும் வெயிலில் கிடந்த ஏதோ ஒன்று. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“என்ன மாப்ளே, ஜலதோஷமா?” என்றார் மாமா.

மாமா என் அக்காவின் கணவர். ஊரிலேயே பேர்போன துப்பறிவாளர். ஆனால் அவருக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும் இருக்கிற உறுப்பு. சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு எந்த வாசனையும் தெரியாது. அக்கா சமையலைத் தீய விட்டாலும் சிரித்த முகமாகச் சாப்பிடுவார். அவர்கள் குடும்பம் சண்டையில்லாமல் நடப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. எங்கள் தொழிலில் கண் அவருடையது, மூக்கு என்னுடையது. பேர் மட்டும் கண்ணுக்கே போய்ச் சேரும்.

“ஜலதோஷம் வந்திருந்தா புண்ணியமா போயிருக்கும் மாமா,” என்றேன்.

ஜெனரல் மேனேஜரின் அறையில் ஏ.சி. ஓடியது. மேஜை மேல் ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட். நான் ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடி கண்ணெதிரே இருந்தும், கை போகவில்லை. ஜி.எம். நல்ல சதைப்பிடிப்பான ஆள். நாற்காலியில் சாய்ந்தபடி தலையை மட்டும் ஆட்டினார். பேசியதெல்லாம் பக்கத்தில் நின்ற பர்சனல் ஆபீசர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். சின்னப் பாட்டில் ஒன்றிலிருந்து சானிடைசரைப் பிழிந்து பிழிந்து கையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மூலையில் காக்கி யூனிஃபார்மில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நிற்க வைத்திருக்கிறார்கள் என்பது கால் மாற்றி மாற்றி நின்றதில் தெரிந்தது. கேட்டில் காவல் இருப்பவர். தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவர் ‘கேட்டம்மா’.

“கேஸ் முடிஞ்ச மாதிரிதான் சார்,” என்றார் பர்சனல் ஆபீசர். “வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு ரிப்போர்ட் குடுக்கணும்னு ஹெட் ஆபீஸ்ல அடம் பிடிக்கிறாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டோம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

“எதுல?” என்றார் மாமா.

“இவங்கதான் திருடினாங்கன்னு டைப் பண்ணியே வச்சிருக்கோம்.”

“துணியைத் துவைச்சு, காயவச்சு, இஸ்திரியும் போட்டு வச்சிருக்கீங்க. நாங்க மாட்டிக்கிட்டா போதும்,” என்றேன் நான். மாமா என் காலை மிதித்தார்.

விஷயம் இதுதான். தொழிலாளர்களில் பாதிப் பேர் சைக்கிளில் வருகிறவர்கள். வெளிச்சுவரில் சாத்தி வைத்த சைக்கிள்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்ததால், உள்ளேயே பாதுகாப்பாக ஓர் இடம் கட்டிக் கொடுக்கும்படி ஹெட் ஆபீஸ் உத்தரவு போட்டது. ஆபீசர்களின் கார்கள் நின்ற கூரைக் கொட்டகையில் பாதியைப் பிரித்து, சுற்றிலும் கம்பி வலை அடித்து, தரையில் நம்பர் போட்ட ஸ்டாண்டுகளைப் பதித்து, கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று கேட்டம்மாவிடம், இன்னொன்று பர்சனல் ஆபீசரின் மேஜை டிராயரில்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாவில் ஒரு குண்டூசி விழுந்தாலும் ஆபத்து என்பதால், வேலைக்குள் போகிற யாரும் உலோகச் சாமான் எதையும் கொண்டு போகக்கூடாது. சைக்கிள் சாவியைக் கேட்டில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஸ்டாண்டு நம்பர் எதுவோ, கொக்கி நம்பரும் அதுவே.

இவ்வளவு கட்டுக்காவலுக்கும் நடுவில், பட்டப்பகலில், கூண்டுக்குள்ளிருந்து மூன்று சைக்கிள்கள் மாயமாகிவிட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, வேறு வேறு நாளில். மூன்றின் சாவிகளும் கொக்கியில் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

“ரொம்ப சிம்பிள் சார்,” என்றார் பர்சனல் ஆபீசர். “பலகையில இருந்து சாவியை எடுத்தாங்க. கூண்டைத் திறந்தாங்க. வெளிய அவங்க தம்பி நின்னிருப்பான், அவன்கிட்ட சைக்கிளைத் தள்ளி விட்டாங்க. சாவியைத் திரும்ப மாட்டிட்டாங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் போலீஸ்ல ஒப்படைக்கிறோம். கூண்டையும் பிரிச்சிடப் போறோம். பாதுகாப்பு இல்லாத கூண்டு எதுக்கு?”

“எனக்குத் தம்பியே கிடையாது சார்,” என்றார் கேட்டம்மா. அதைப் பலமுறை சொல்லிக் களைத்துப்போன குரல். பிறகு மாமாவைப் பார்த்தார். “வேலை போனா போகட்டும். கூட்டிப் பெருக்கியாவது பொழைச்சுக்குவேன். திருடின்னு பேர் வச்சு இந்தக் கேட்டு வழியா போலீஸ் வண்டியில ஏத்தினா, அப்புறம் நான் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?”

கதவு படாரென்று திறந்தது. தலைமுடியை மூடிய தொப்பியும் ஏப்ரனுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள், கேட்டம்மாவின் மருமகள். மூன்றாவதாகக் காணாமல் போனது அவளுடைய சைக்கிள்.

“யாரைக் கேட்டு உள்ள வந்தே?” என்றார் பர்சனல் ஆபீசர்.

“என் மாமியாரைத் திருடின்னு சொல்ல நீங்க யாரைக் கேட்டீங்க?” என்றாள் அவள். மாமாவிடம் திரும்பினாள். “சார், எங்க ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நான் உப்பு போட்டா கரிக்குதும்பாங்க, போடலைன்னா சப்புன்னு இருக்கும்பாங்க. என் மாமியார் என் உயிரை எடுப்பாங்க. சைக்கிளை எடுக்க மாட்டாங்க.”

பர்சனல் ஆபீசரின் கை சானிடைசர் பாட்டிலிலேயே நின்றுவிட்டது. “இவ உன் மருமகளா?” என்று கேட்டம்மாவைக் கேட்டார்.

இத்தனை வருஷம் அவர்கள் இருவருக்கும் சம்பளம் போட்டவருக்கு அது தெரியவில்லை. மாமா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார்.

“கூண்டைப் பார்க்கணும். இந்த அம்மாவும் கூட வரட்டும். அந்த மூணு சாவி எங்கே?”

பர்சனல் ஆபீசர் பெருமையாக ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். “புகார் வந்த உடனே ஒவ்வொண்ணையும் கொக்கியில இருந்து நானே எடுத்து பத்திரப்படுத்திட்டேன். எவிடன்ஸ்.”

கூண்டு நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். வலை விரல் நுழையாத அளவு நெருக்கம், ஸ்டாண்டுகள் கான்கிரீட்டில் ஆழப் பதிந்திருந்தன. கதவுக்கு மேலே ஒரு கேமரா. ஆனால் அது தன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, வலைக்கு அந்தப் பக்கம் நிழலில் நின்ற ஒரு நீளமான கறுப்புக் காரை முறைத்துக்கொண்டிருந்தது.

“சைக்கிளுக்கு வாங்கின கேமரா, காரைப் பார்த்து ஏன் ஜொள்ளு விடுது?” என்றேன்.

“அது ஜி.எம். சார் கார்,” என்றார் கேட்டம்மா. “யாரோ கீறல் போட்டுட்டாங்கன்னு திருப்பி வைக்கச் சொன்னார். படமெல்லாம் அவர் போனுக்குப் போகும்னு பேசிக்கிட்டாங்க.”

கொட்டகையில் இடம் போன மற்ற ஆபீசர்களின் கார்கள் வெட்டவெளியில் நின்றன. மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார். மரம் நிறையக் காக்கை. கார் வெள்ளையா, காக்கை எச்சத்தால் வெள்ளையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வழிந்து காய்ந்து, அதன் மேல் மறுபடி வழிந்திருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே சானிடைசர் பாட்டில் ஒன்று நின்றது.

மாமா ஒரு பழைய சைக்கிளின் பக்கத்தில் குந்தினார். பின்சக்கரத்தில் வளையமாகப் பொருத்தியிருக்கும் சாதாரணப் பூட்டு. அதன் சாவியைக் கேட்டிலிருந்து வாங்கி வரச் சொல்லி, பூட்டைத் திறந்தார்.

“இப்போ சாவியை எடு மாப்ளே.”

இழுத்தேன். வரவில்லை. திருகினேன். வரவில்லை.

“எப்படி மாமா வரும்? இந்த மாதிரிப் பூட்டுல, திறந்து இருக்கிற வரைக்கும் சாவி உள்ளேயே மாட்டிக்கும். திரும்பப் பூட்டினாத்தான் வெளிய வரும். சைக்கிள் ஓட்டின எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

“எல்லாருக்கும் தெரியும். சைக்கிளே ஓட்டாதவனுக்கு?” என்றார் மாமா. “இந்த அம்மா சைக்கிளைத் திறந்து தம்பிகிட்ட தள்ளி விட்டிருந்தா, சாவியும் கூடவே போயிருக்கும். கொக்கியில தொங்காது. பூட்டிட்டு சாவியை எடுத்திருந்தா, அந்த இல்லாத தம்பி பூட்டின சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுல போயிருக்கணும்.”

“டூப்ளிகேட் சாவி?”

“அப்படின்னா இந்த மூணு சாவியும் கொக்கியை விட்டு நகர்ந்திருக்கவே கூடாது. காலையில மாட்டினபடி சுத்தமா இருக்கணும்.” கவரைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். “முகர்ந்து பாரு.”

முகர்ந்தேன். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டேன். யாரோ மேலாகத் துடைத்திருந்தார்கள். ஆனால் சாவிப் பற்களின் இடுக்கில் பழுப்பாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. வாசலில் என்னை வரவேற்ற அதே நாற்றம்.

“அம்மா, மாவைத் தொட்ட கையோட யாராவது சாவியைத் தொடுவாங்களா?” என்றார் மாமா.

“முடியாது சார். வரும்போது சாவியைக் குடுத்துட்டுத்தான் உள்ள போவாங்க. போகும்போது சோப்பு போட்டுக் கழுவின கையைக் காட்டினாத்தான் சாவியே குடுப்பேன். அதுவும் இது புது மாவு இல்லையே.” அவரும் முகர்ந்து முகத்தைச் சுளித்தார். “இது பின்னாடி தொட்டி.”

“அப்போ சைக்கிள் பூட்டின நிலையில இருக்கு. இந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கு,” என்றார் மாமா. “வா மாப்ளே.”

“மாமா, நான் இங்கேயே நின்னு கூண்டைப் பாதுகாக்கிறேனே,” என்றேன். யார் கேட்டார்கள்?

கார்களின் பின்னால் போகும் சந்து ஒரு சுவரைத் தாண்டி அந்தத் தொட்டியில் போய் முடிந்தது. கெட்டுப்போன மாவு, கருகிய பிஸ்கட், சிக்கு நாற்றமடித்த எண்ணெய் எல்லாவற்றையும் கொட்டுகிற இடம். பன்றிப் பண்ணை லாரி எப்போதாவது வந்து மேலாக மொண்டுகொண்டு போகும். அடிவரைக்கும் யாரும் வழித்ததில்லை. மேலே தோல் மாதிரி ஓர் ஏடு படிந்திருந்தது. அதற்குக் கீழே ஏதோ மூச்சு விடுவது போல அங்கங்கே உப்பி, உடைந்து, மறுபடி உப்பியது. ஈக்கள் பறக்கக்கூட இல்லை. தின்று தின்று உட்கார்ந்துவிட்டிருந்தன. விளிம்பில் வெள்ளைப் புழுக்கள் ஊர்வலம் போயின. வாழ்நாளில் இனிமேல் பிஸ்கட்டைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

“என்ன வாசனை வருது?” என்றார் மாமா, ரோஜாத் தோட்டத்தில் நிற்பவரைப் போல.

“உங்க மூக்கை அறுத்த டாக்டர் நல்லா இருக்கணும்.”

ஒரு நீளக் கம்பை என் கையில் கொடுத்தார். கிண்டினேன். ஏடு கிழிந்து, உள்ளிருந்த காற்று புஸ்ஸென்று என் முகத்தில் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பை ஆழமாக விட்டேன். எதன் மேலோ இடித்தது. தொட்டிக்குள்ளிருந்து, மங்கலாக, ஆனால் தெளிவாக ஒரு சத்தம்.

டிணிங்.

சைக்கிள் பெல்.

கேட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா கோட்டைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அக்கா புருஷன் ஆயிற்றே, என்ன செய்வது? இறங்கினேன். இடுப்பளவு. கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக மூன்று சைக்கிள்களையும் கேட்டம்மாவும் மாமாவும் மேலே இருந்து இழுக்க, நான் கீழே இருந்து தூக்கினேன். மூன்றின் பின்சக்கரங்களும் பூட்டியிருந்தன. கவரிலிருந்த சாவிகள் ஒவ்வொன்றிலும் அச்சாகப் பொருந்தின.

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயடியில் கேட்டம்மா வாளி வாளியாக என் தலையில் ஊற்றினார். சோப்பு கொடுத்தார். காது மடலைத் தேய்க்கச் சொன்னார். சைக்கிள் வெளியே போகவில்லை என்பதிலேயே அவருக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

“அம்மா,” என்றார் மாமா மெதுவாக. “நீங்க ட்யூட்டி நேரத்துல இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கிறதே இல்லையா?”

“இல்ல சார்.” பதில் ரொம்ப வேகமாக வந்தது.

“மனுஷ உடம்புதானேம்மா?”

வாளி அப்படியே நின்றது. கேட்டை ஒட்டி ஒரு சின்னக் கழிப்பறை இருந்தது. அதன் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கூண்டு கட்டி மிஞ்சிய இரும்புக் குழாய்களைத் திணித்து வைத்திருந்தார்கள்.

“கூண்டு கட்டினதுல இருந்து இது இப்படித்தான் கிடக்கு,” என்றார் கேட்டம்மா. “இதை விட்டா கேன்டீன் பக்கம்தான் போகணும், அது அந்தக் கோடி. கேட்டை விட்டு நகர்ந்தா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நான் தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டேன் சார். அப்புறம் பர்சனல் ஆபீசர் சார்தான் மனசு இரங்கி, மத்தியானம் எல்லாரும் உள்ள வேலையா இருக்கிற நேரம் வந்து, ‘நீ போய்ட்டு வாம்மா, நான் உக்கார்றேன், யார்கிட்டயும் சொல்லாதே’ன்னார். தினமும் இல்ல, எப்பவாவது. நல்ல மனுஷன் சார். பாவம், அவரை இதுல இழுத்து விட்டுடாதீங்க.”

எனக்குத் தொட்டிக்குள் நின்றபோது வராத வாந்தி அப்போது வந்தது. ஒரு பெண் கழிப்பறைக்குப் போகிற அவசரத்தை எடுத்து, அதைக் கருணை மாதிரிப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, அந்த இடைவெளியில் அவள் கழுத்துக்குக் கயிறு திரித்திருக்கிறான். சீ! தொட்டியில் இருந்ததாவது வெறும் மாவு.

“அந்த நாள்கள்லதான் சைக்கிள் போச்சா?” என்றார் மாமா.

கேட்டம்மா யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் கறுத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் மூவரும் ஜி.எம். அறைக்குள் நுழைந்தபோது பர்சனல் ஆபீசர் என்னைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். எவ்வளவு கழுவியும் நான் போகிற இடமெல்லாம் நாற்றம் கூடவே வந்தது.

“சைக்கிள் கிடைச்சிடுச்சு,” என்றார் மாமா. “பின்னாடி மாவுத் தொட்டியில. மூணும்.”

பர்சனல் ஆபீசர் ஒரு நொடி தடுமாறி, உடனே சுதாரித்துக்கொண்டார். “பாத்தீங்களா? அங்க ஒளிச்சு வச்சு ராத்திரி எடுத்துட்டுப் போகப் பார்த்திருக்கா!”

“இருக்கலாம். அப்போ இவங்க கேட்டை விட்டு நகர்ந்து, அந்தத் தொட்டி வரைக்கும் போய்ட்டு வந்திருக்கணும், இல்லையா?”

“அது...” சட்டென்று நிறுத்தினார். “இல்லை, இவ கேட்டை விட்டு நகர மாட்டா. நகர்ந்தா வேலை போயிடும்.”

“நகரலைன்னா தொட்டி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிட்டுப் போனது யார்? நகர்ந்தாங்கன்னா, அந்த நேரம் நாற்காலியில உக்கார்ந்து, பலகையைப் பக்கத்துல வச்சுக்கிட்டிருந்தது யார்? ரெண்டுல எதுக்கு வேணும்னாலும் பதில் சொல்லுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

பர்சனல் ஆபீசர் பாட்டிலைப் பிழிந்தார். காலி.

“கூண்டுச் சாவி இன்னொண்ணு உங்க டிராயர்ல,” என்றார் மாமா. “கொக்கியில கைக்கு எட்டின சாவி எதுவோ அதை எடுத்தீங்க. அது யாரோட சைக்கிள்னு உங்களுக்குத் தெரியாது, நம்பர்தான் தெரியும். இந்த அம்மாவோட மருமக சைக்கிள்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டீங்க. தொட்டி ஓரம் வரை உருட்டிட்டுப் போனப்புறம்தான் சாவி வரலைன்னு தெரிஞ்சிருக்கும். பூட்டினாத்தான் வரும்னு கண்டுபிடிச்சு, பூட்டி, சாவியைப் பிடுங்கி, சைக்கிளைத் தள்ளி விட்டீங்க. தெறிச்ச மாவு கையில இருந்த சாவியிலயும் அப்பிக்கிச்சு. எதுக்கு இவ்வளவு பாடு? சைக்கிளுக்குப் போன நிழலை உங்க காருக்குத் திருப்பி வாங்கறதுக்கு.”

“ஆதாரம் இருக்கா?” குரல் கீச்சென்று வந்தது. “எவளோ ஒருத்தி சொல்றான்னு... யார் பார்த்தாங்க?”

“அதை நான் இவர்கிட்டத்தான் கேக்கணும்,” என்று மாமா நாற்காலியைத் திருப்பி ஜி.எம்.முக்கு நேராக உட்கார்ந்தார். “சார், கேமராவை உங்க கார் பக்கம் திருப்பச் சொன்னது நீங்க. படம் வர்றது உங்க போனுக்கு. தொட்டிக்குப் போற சந்து உங்க கார் பின்னாடிதான் போகுது. வேற வழி கிடையாது. போனைக் கொஞ்சம் காட்டுங்க.”

“பழைய படமெல்லாம் அழிஞ்சிருக்கும்.”

“கடைசி சைக்கிள் போனது முந்தாநாள். காட்ட மாட்டேன்னு சொன்னாலும் சரி. அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடறேன்.”

ஜி.எம். போனை எடுத்தார். தேடவே இல்லை. விரல் நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றது. சின்னத் திரையில், கறுப்புக் காரின் பின்னால், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஒரு பெண்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஹேண்டில்பார் அழுக்கு கையில் ஒட்டக்கூடாதே என்று விரல் நுனியால் பிடித்திருந்தார்.

மாமா அந்தத் திரையைப் பார்க்கவில்லை. ஜி.எம்.மின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இதை ஏற்கனவே பார்த்திருக்கீங்க,” என்றார்.

ஜி.எம். வேர்வையைத் துடைத்தார். “ஏதோ பழைய சாமானை அப்புறப்படுத்தறார்னு நினைச்சேன். எனக்கு ஆயிரம் வேலை. அதுவும் போக, ஹெட் ஆபீஸ்ல நினைச்ச நேரத்துக்கு உத்தரவு போடுவாங்க. சைக்கிளுக்காக என் ஆபீசருங்களை வெயில்ல நிக்க வைக்க முடியுமா?”

“ஆபீசருங்க எங்கே சார் வெயில்ல நின்னாங்க? காருங்கதானே நின்னுது?” என்றேன் நான். “இந்த அம்மாதான் காலையில இருந்து நிக்கிறாங்க.”

இந்த முறை மாமா என் காலை மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. ஜி.எம். ஒரு நொடியில் கட்சி மாறினார். பர்சனல் ஆபீசரைப் பார்த்து, “இப்படி ஒரு ஆளையா நான் நம்பினேன்!” என்று கத்தினார். அங்கேயே சஸ்பெண்ட் என்றார். பர்சனல் ஆபீசரோ, “நீங்கதானே சார் கூண்டு போனா நல்லதுன்னீங்க!” என்று அலறினார். ஒருவர் மேல் ஒருவர் வாரி இறைத்துக்கொண்டதைக் கேட்டபோது, நான் குளித்தது வீண் என்று தோன்றியது. மாமா அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்ப வைத்து, அங்கேயே ஹெட் ஆபீசுக்கும் தட்டிவிட்டார். இரண்டு பேரைப் பற்றியும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஜி.எம். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டம்மாவிடம் திரும்பினார். “ஏதோ தப்பு நடந்து போச்சும்மா. மனசுல வச்சுக்காதே. நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. நாளையில இருந்து வழக்கம் போல வந்துடு.”

கேட்டம்மா காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். “இன்னிக்கு ட்யூட்டி இன்னும் முடியலையே சார்,” என்றார்.

சங்கு ஊதியது. ஷிஃப்ட் முடிந்து ஆண்களும் பெண்களும் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். கேட்டில் மாற்றாளாக உட்கார்ந்திருந்த டிரைவர், கேட்டம்மாவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். குழாயடியில் மூன்று சைக்கிள்களும் சொட்டச் சொட்ட நின்றன. மருமகள் தன்னுடையதை முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுல ஏறி வீட்டுக்குப் போனா உங்க பிள்ளை என்னை உள்ளயே விட மாட்டார் அத்தை,” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“போடி, போய் வரிசையில நில்லு. பையைக் காட்டிட்டுப் போ,” என்றார் கேட்டம்மா.

அது அந்தத் தொழிற்சாலையின் தினசரிச் சடங்கு. வெளியே போகும் ஒவ்வொருவரும் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட ஒளிந்து போகக்கூடாது. மருமகளின் பையையும் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் விட்டார். கார்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. ஆபீசர் கார் வந்தால் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி சல்யூட் அடிப்பதுதான் வழக்கம்.

காக்கை எச்சம் வழிந்த வெள்ளைக் கார் வந்தது. ஹாரன் அடித்தது. கம்பம் எழும்பவில்லை. மறுபடி அடித்தது. கேட்டம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, அவசரமில்லாமல் நடந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

“இறங்குங்க சார். டிக்கியைத் திறங்க.”

பர்சனல் ஆபீசர் கண்ணாடியை விரலளவு இறக்கினார். “என்ன விளையாடறியா? உள்ள ஒண்ணும் இல்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க. பார்த்தாத்தானே தெரியும்?”

வரிசையில் நின்ற கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. யாரும் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை. பர்சனல் ஆபீசர் இறங்கினார். டிக்கியைத் திறக்க, எச்சம் காய்ந்த மூடியில் கை வைக்க வேண்டியிருந்தது. வைத்தார். கேட்டம்மா குனிந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, விரிப்பை விலக்கி, மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்.

பின்னால் நீளமான கறுப்புக் கார் வந்து நின்று, பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது.

கேட்டம்மா திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கினார். “ஒவ்வொண்ணாத்தான் பார்க்கணும். பின்னாடி வண்டியை ஆஃப் பண்ணுங்க.”

கறுப்புக் காரின் என்ஜின் அணைந்தது.